நனைந்த தரையில் நிற்கும் கால்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். குளியலறையில் தரையிலிருந்து கூரைவரை ஒரே வெள்ளை மார்பிள் தோற்றம். நடுவே சாம்பல் நிறத்தில் நரம்பு ஓடுகிறது. தரையில் குனிந்தால் முகம் தெரிகிறது. சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் சின்னச் சின்னச் செங்கல் போல வெள்ளை டைல்ஸ், கீழே கறுப்புத் தரை. உன் அம்மாவான என் அக்காவின் வீட்டைப் புதுப்பிக்கிற பொறுப்பை வேலைக்குப் போன முதல் வருஷமே நீ ஏற்றுக்கொண்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதைப் போனில் சொல்லி முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் கட்டட வேலையில் நின்றவன் நான். உன் ரசனையில் குறை இல்லை. ஆனால் நீ பார்த்தது படம். அதில் தண்ணீரும் இல்லை, தாளிப்பும் இல்லை, அக்காவின் முழங்கால் வலியும் இல்லை.

நான் மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தபோது நம் பக்கத்து வீடுகளில் குளியலறைக்கு டைல்ஸ் என்பதே பெரிய விஷயம். சிமென்ட் தரையில் ரெட் ஆக்சைடு போட்டுத் தேய்த்திருப்பார்கள். வசதியானவர்கள் சின்னச் சதுர வெள்ளை டைல்ஸை நாலடி உயரத்துக்கு ஒட்டுவார்கள். அதைப் பார்க்கவே சொந்தக்காரர்கள் வருவார்கள். பிறகு வந்தது டார்க், லைட், ஹைலைட்டர். கீழே மூன்று வரிசை அடர்நிறம், மேலே அதே டிசைனில் வெளிர்நிறம், நடுவில் பூப்போட்ட ஒரு வரிசை. சமையலறை என்றால் அந்த நடு வரிசையில் ஆவி பறக்கும் காபிக் கோப்பையோ, திராட்சைக் கொத்தோ இருக்கும். அக்கா வீட்டில் மிக்ஸிக்குப் பின்னால் இன்றைக்கும் தெரிகிற அந்தத் திராட்சைக் கொத்து நான் 2004-ல் தேர்ந்தெடுத்தது. நீ வெறுக்கிற அந்தப் படம் அன்றைக்குக் கடையிலேயே விலை கூடிய டிசைன்.

அது ஏன் இவ்வளவு வேகமாக மாறியது தெரியுமா? முன்பெல்லாம் டைல்ஸின் மேல் டிசைனை ஸ்கிரீனாலும் ரோலராலும் அச்சடித்தார்கள். ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். 2000-ஐ ஒட்டி ஸ்பெயினின் காஸ்டெயோன் வட்டாரத்தில் டைல்ஸ் மேல் படாமலேயே மை தெளித்து அச்சடிக்கும் டிஜிட்டல் இயந்திரம் வந்தது. நம் அலுவலகத்து இங்க்ஜெட் பிரிண்டரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள். மரத்தின் ரேகை, சிமென்ட் பூச்சு, இத்தாலி மார்பிளின் நரம்பு என எதையும் அதில் அச்சிடலாம். மேடுபள்ளமான பரப்பிலும் அச்சிடலாம். குஜராத்தின் மோர்பி நகரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஆலைகள் இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் இருக்கும் டைல்ஸில் பெரும்பகுதி அங்கிருந்து லாரியில் வருவது. மோர்பி இந்த இயந்திரத்துக்கு மாறிய பிறகு, பணக்காரர் வீட்டுக் கல்லின் முகம் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. இது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வை: நீ பார்க்கும் நரம்பு, மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மை. டைல்ஸின் தரம் அந்த மைக்குக் கீழே இருக்கிறது.

கீழே இருப்பது இரண்டு ரகம். சுவருக்கு வரும் சாதாரண செராமிக் டைல்ஸ், தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைட் அரை சதவீதம்கூடக் குடிக்காது. அவ்வளவு சூட்டில் வெந்து இறுகியது. கடையில் ஒரு துண்டைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். செராமிக்கில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். விட்ரிஃபைடில் முத்து மாதிரி நிற்கும். சுவருக்குச் செராமிக் வைப்பதில் தப்பே இல்லை, எடையும் குறைவு. தரைக்கு வைத்துவிடாதே.

இனி, எனக்குச் சொல்ல வலிக்கிற ஒன்று. அம்மாச்சி கடைசி நாலு வருஷம் வாக்கர் பிடித்து நடந்ததை நீ சின்னப் பிள்ளையாகப் பார்த்திருக்கிறாய். ஏன் என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2011-ல் என் வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்தேன். சந்தன நிறத்தில் பளபளவென்று தரை. கடையில் விளக்கு வெளிச்சத்தில் அது மின்னியதைப் பார்த்து, யாரையும் கேட்காமல் நானே எடுத்தேன். மூன்றாவது வாரம், விடிகாலையில், பல் தேய்க்கப் போனவர் சோப்பு நுரை மேல் கால் வைத்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது, ஆனால் பழைய நடை திரும்பவில்லை. ஆயிரம் வீட்டுக்குத் தரை போட்ட கை, பெற்ற தாய்க்குத் தப்பான தரையைப் போட்டுவிட்டது. அதன்பிறகு நான் யார் வீட்டுக் குளியலறைத் தரைக்கும் கிளாஸி டைல்ஸ் போடச் சம்மதித்ததில்லை.

நல்ல வேளையாக, இப்போதைய நாகரிகமே மேட் பக்கம் திரும்பியிருக்கிறது. சிமென்ட் நிறம், மணல் நிறம், சொரசொரப்பான கல் தோற்றம் எல்லாம் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் மேட் என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதே. வழுக்காத தன்மைக்கு ஜெர்மானிய முறையில் ஓர் அளவு உண்டு: ஆர்9 முதல் ஆர்13 வரை. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஒருவரை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் சறுக்குகிறார் என்று அளப்பது. ஆர்9 என்பது அதில் கடைசிப் படி. குளிக்கிற இடத்துக்கு ஆர்10-க்குக் குறையாமல் கேள், ஆர்11 கிடைத்தால் இன்னும் நிம்மதி. ரொம்பச் சொரசொரப்பும் வேண்டாம். அழுக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நீ கேட்கிற ‘நாலுக்கு ரெண்டு’ சைஸைச் சுவருக்குத் தாராளமாக வை. 1200 மில்லிமீட்டருக்கு 600 என்பதால் ஜாயின்ட் குறைவு, சின்ன அறையும் விசாலமாகத் தெரியும். குளியலறைத் தரைக்கு மட்டும் ஒரு அடிச் சதுரத்துக்கு இறங்கி வா. காரணம் வாட்டம். தண்ணீர் தானாக ஓடி வடிகாலுக்குப் போக, ஆறடிக்கு ஓர் அங்குலமாவது தரை சரிய வேண்டும். நாலு பக்கமிருந்தும் ஒரு ஓட்டையை நோக்கிச் சரிகிற தரையில் பெரிய பலகையைப் படுக்க வைக்க முடியாது. மூலைவிட்டமாக அறுக்க வேண்டும், அல்லது எங்காவது தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில் பாசி. பாசிக்கு மேல் ஆர்11-ம் காப்பாற்றாது.

சமையலறைக்கு நீ கேட்ட செங்கல் வடிவ டைல்ஸுக்கு சப்வே என்று பேர். 1904-ல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களுக்காக ஹைன்ஸ், லாஃபார்ஜ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வைத்தது. பூமிக்கு அடியில் வெளிச்சம் சிதற வேண்டும், துடைக்க எளிதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நூற்றிருபது வருஷம் தாண்டி நிற்கிற வடிவம், அழகுதான். ஆனால் மேடைக்கு மேலே பத்தடி நீளம், இரண்டடி உயரம் என்று வைத்துக்கொண்டால், மூன்றுக்கு ஆறங்குல டைல்ஸ் நூற்றறுபது வேண்டும். அதே இடத்துக்கு நாலுக்கு ரெண்டு மூன்று போதும். நூற்றறுபது டைல்ஸைச் சுற்றியும் கோடு. ரயில் நிலையத்தில் யாரும் கடுகு தாளிப்பதில்லை. நம் வீட்டில் காலையில் ஒன்று, மதியம் இரண்டு என்று தாளிப்பு. எண்ணெயும் மஞ்சளும் தெறித்து முதலில் ஊறுவது அந்தக் கோட்டில்தான். மூன்றே மாதத்தில் வெள்ளைக் கோடு பழுப்பாகிவிடும். உனக்கு சப்வே பிடித்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. அடுப்புக்குப் பின்னால் மட்டும் ஒரே பெரிய பலகை, மற்ற இடத்தில் சப்வே. அல்லது எல்லாக் கோட்டுக்கும் எபாக்ஸி க்ரவுட். சிமென்ட் க்ரவுட்டைவிட விலை பல மடங்கு, ஆனால் மஞ்சளும் புளியும் அதில் ஏறாது. பூசிய உடனே துடைக்கத் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கொடு. காய்ந்துவிட்டால் டைல்ஸ் மேலேயே படலமாக நின்றுவிடும்.

கறுப்புத் தரையை மட்டும் கைவிடச் சொல்லிக் கெஞ்சுகிறேன். நம் ஊரில் போர் தண்ணீர். காய்ந்தால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கறுப்புப் பளபளப்பில் ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகத் தெரியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட் டைல்ஸை விட்டுவிட்டு ஜாயின்டில் இருக்கும் சிமென்டைத் தின்னும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒரு நிறத்தில் தொடங்கியது கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாக முடிந்ததை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். சாம்பலும் மணல் நிறமும் உப்பை மன்னிக்கும்.

டெரசோ என்று பொடிப்பொடியாகக் கல் சிதறிய டிசைன் ஒன்று அனுப்பினாயே, அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அது நம் மொசைக், பாப்பா. மார்பிள் சில்லுகளைச் சிமென்டில் கலந்து பரப்பி, இறுகிய பின் மெஷின் வைத்துத் தேய்ப்போம். சாந்துத் தண்ணீர் முழங்கால் வரை தெறிக்கும். நீ படித்த பள்ளிக்கூட வராந்தாவும் அதுதான். அந்தத் தோற்றத்தில் மேட் விட்ரிஃபைட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. அழுக்கும் உப்பும் அதில் தெரியாது. பூக்கோலம் போட்ட அந்த இன்னொரு படத்தை நீ மொராக்கோ டிசைன் என்கிறாய். அதைப் போன்றதைக் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் இன்றும் கையால் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமென்டைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமென்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகும். கண்ணாடியைத் தொட்ட பக்கம்தான் பளபளக்கும் முகம். அது சிமென்ட் என்பதால் ஆசிடும் எலுமிச்சையும் ஆகாது. பூஜை அறைக்கோ கூடத்துக்கோ வை. அந்த ஊர்க் கைகளுக்கு உன் சம்பளத்தில் ஒரு பங்கு போகட்டும்.

பணத்தை எங்கே கூட்டிச் செலவழிப்பது என்று கேட்டால், டைல்ஸுக்குப் பின்னால் என்பேன். பழைய தரையைப் பெயர்த்ததும் வாட்டர்புரூஃபிங் செய்து, வடிகாலை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வை. கீழே ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ். விட்ரிஃபைட் தண்ணீர் குடிக்காது என்றேன் அல்லவா? அதனாலேயே வெறும் சிமென்ட் பாலை அது பிடித்துக்கொள்ளாது. சுவரில் நாலடிப் பலகை ஒட்ட, அதற்கென்று உள்ள டைல் அட்ஹெசிவ் வேண்டும். பையில் ஐஎஸ் 15477 என்ற முத்திரை இருக்கிறதா பார். மேஸ்திரி அண்ணன் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டினால் மரியாதையாக நிறுத்தச் சொல். பல் வெட்டிய கரணையால் முழுக்க இழுத்துவிட வேண்டும். ஒட்டி முடிந்த மறுநாள் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டு. காலிப் பானை மாதிரி வெற்றொலி வந்தால் உள்ளே காற்று நிற்கிறது, எடுத்து ஒட்டச் சொல். ஜாயின்டே தெரியாமல் ஒட்டித் தருகிறேன் என்று யார் பெருமையாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் விரிந்து ஒன்றை ஒன்று முட்டித் தூக்கும்.

வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பரும் ஷேட் நம்பரும் ஒன்றா என்று பார். மார்பிள் டிசைன் என்றால் எத்தனை ரேண்டம் என்று கேள். ஒரே நரம்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் சுவர் வால்போஸ்டர் மாதிரி இருக்கும். கணக்குக்கு மேல் பத்து சதவீதம் கூடுதலாக எடுத்து, மிஞ்சியதைப் பரணில் வை. பிற்பாடு ஒரு குழாயை உடைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தால் அந்த டிசைன் கடையில் இருக்காது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். அவளையும் கூட்டிக்கொண்டு போ. பிடித்த தரை டைல்ஸைக் கீழே வைக்கச் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து ஊற்று. அக்காவின் கையை நீ பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அவளை அதன்மேல் நிற்கச் சொல். அவள் கால் நின்றால் மட்டும் அட்வான்ஸ் கொடு.

உன் மாமா