செவ்வியல் படிக்க வந்த பிள்ளைக்கு

கண்ணு, ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டாய், தலைப்பில் 'செவ்வியல்' என்ற சொல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. நான் தமிழ் படித்தவன். ஆனால் இயற்பியல்காரர், பொருளியல்காரர், நாட்டியம் ஆடுகிறவர் எல்லோரும் இதே சொல்லைத் தங்கள் வாசலில் வைத்திருப்பதைக் கண்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டு வந்தவன். கேட்டதில் என் மனத்தில் தங்கியதை உனக்குத் தருகிறேன்.

1. ஒன்றைச் செவ்வியல் என்று யாராவது சொன்னால், சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று முதலில் கேள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எந்தப் பாட்டும் செவ்வியலாகப் பிறப்பதில்லை. புறநானூற்றுப் புலவர் பரிசில் கேட்டுப் பாடினார், மறைந்த நண்பனை நினைத்து அழுது பாடினார், போருக்கு எழுந்த மன்னரைத் தடுத்துப் பாடினார். அன்றைய பசியும் அன்றைய துக்கமும்தான் அவர் முன்னால் நின்றன. பின்னால் வந்தவர்கள் தொகுத்தார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள் பட்டம் சூட்டினார்கள். பாட்டு பிறந்த காலமும் பட்டம் பெற்ற காலமும் வேறு வேறு. இரண்டையும் உன் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதி வை.

2. பாடத்திட்டம் முடிகிற இடத்தில் படிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. 1880இல் உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணப் போனபோது, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வந்தது. ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் தலபுராணங்களையும் அடுக்கினார். முதலியாருக்கு நிறைவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்கள் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை. அன்று பெரும்படிப்பு எனப்பட்டதைப் பழுதறக் கற்றவர் அவர். இன்று செவ்விலக்கியம் என்று நாம் முதலில் எடுத்து வைக்கும் நூல்கள் அந்தப் படிப்புக்குள் இல்லை.

அடுத்து நடந்ததைத்தான் நீ மனத்தில் வைக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் என்ற பெயரை ஓரமாக வைத்துவிட்டு, சிந்தாமணி சமண நூல் என்பதால் அவ்வூர்ச் சமணர் வீடுகளுக்குப் போய், தெரிந்தவர் முன் உட்கார்ந்து கேட்டுக் கற்றார் ஐயர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் அதே 1887தான். கற்ற பெருமையைக் கழற்றி வைக்கத் தெரிந்த மனிதர்களால் நம் கைக்கு வந்த நூல்கள் இவை. அவற்றைப் பற்றி எழுதும்போது அந்தக் குணமும் உன் எழுத்தில் இருக்கட்டும்.

3. ஒருமுறையாவது ஓலைச்சுவடியைக் கையில் வாங்கிப் பார். என் ஆசிரியர் ஓர் ஏட்டை எங்கள் முன் வைத்து, இதில் பாட்டு எங்கே முடிகிறது என்று கேட்டார். மதியம் முழுதும் திணறினோம். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கின்றன. அடி பிரிப்பது கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஏட்டின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்த இடத்தில் எத்தனை எழுத்து போயிற்று என்பதை யாப்பை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நீ அச்சில் வாசிக்கும் ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவர் கண் நோக ஆராய்ந்து முடிவு செய்த அடி. மூலம் என்று நாம் கும்பிடுவதற்குள் பதிப்பாசிரியரின் முடிவும் இருக்கிறது. பாடபேதக் குறிப்பைத் தாண்டிப் போகாதே. அவசரக்காரருக்கு இந்தத் துறையில் இடமில்லை.

4. பக்கத்துத் துறைக்காரரிடம் பேசு. தேநீர் வேளையில் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆசிரியர் ஒருவர் சொன்னது என் படிப்பையே திருப்பிவிட்டது. நியூட்டனின் நூல் வெளிவந்தது 1687இல். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது வெறும் இயற்பியல்தான். யாரும் அதற்கு முன்னால் 'செவ்வியல்' என்று ஒட்டவில்லை. 1900இல் பிளாங்க் குவாண்டம் கருத்தைக் கொண்டுவந்து, அது வளர்ந்து நின்ற பிறகுதான் பழையதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அதைவிட வியப்பு, ஐன்ஸ்டைனின் 1915ஆம் ஆண்டுப் பொதுச் சார்பியலையும் இன்று இயற்பியலார் பலர் செவ்வியல் கோட்பாடு என்றே சொல்கிறார்கள், அதில் குவாண்டம் இல்லை என்பதால். சிலர் சார்பியலுக்கு முந்தியதை மட்டும் அப்படிச் சொல்கிறார்கள். ஒரே துறைக்குள்ளேயே எல்லைக்கோடு இரண்டு இடத்தில் விழுகிறது.

அந்த நண்பர் இன்னொன்றும் சொன்னார்: இயற்பியலில் செவ்வியல் என்றால் காலாவதியானது என்று பொருள் இல்லை, எந்த எல்லைக்குள் செல்லும் என்று அளந்து அறியப்பட்டது என்று பொருள். 2023இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய பாதையின் அடிப்படைக் கணக்கு நியூட்டனுடையதுதான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரமோ சார்பியல் விளைவால் நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி முந்துகிறது. அங்கே நியூட்டன் மட்டும் போதாது. தமிழ் படித்த எனக்கு இது பெரிய பாடம். தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாடு சங்கப் பாட்டை எவ்வளவு அழகாக விளக்குகிறது, எங்கே பாட்டு அதன் பிடியிலிருந்து நழுவுகிறது என்று பார்க்கும் துணிவு எனக்கு அங்கிருந்துதான் வந்தது. எல்லை காட்டுவது பழிப்பது ஆகாது.

5. எதிர்த்தரப்பு வைத்த பெயரா என்று பார். பொருளியலில் ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ காலத்து அரசியல் பொருளாதாரத்தைச் 'செவ்வியல்' என்று அழைத்தவர் மார்க்ஸ். பிற்காலத்து மேலோட்டமான பொருளியலிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட, மதிப்போடு சொன்ன பெயர் அது. 1936இல் கெயின்ஸ் தம் பொதுக் கோட்பாட்டு நூலின் முதல் அத்தியாயத்தில், ஓர் அடிக்குறிப்பில், அதே பெயரைத் தம் காலத்துப் பேராசிரியர் பிகூ வரைக்கும் நீட்டினார். தாம் மறுக்கப் போகிறவர்கள் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்த அது அவருக்கு உதவியது. பெயர் ஒன்றுதான், ஒருவர் வாயில் மதிப்பு, மற்றவர் வாயில் வழக்கு.

தருக்கத்திலும் இப்படித்தான். செவ்வியல் தருக்கம் என்றதும் அரிஸ்டாட்டிலை நினைத்துக்கொள்ளாதே. இன்று அந்தப் பெயரால் வழங்குவது 1879இல் ஃப்ரெகெ வெளியிட்ட சிறு நூலிலிருந்து வளர்ந்தது. சென்னையில் இரயில் ஓடத் தொடங்கிய பிறகு பிறந்தது. ஒரு கூற்று மெய், இல்லையேல் அதன் மறுப்பு மெய், நடுவே இடமில்லை என்ற விதியை டச்சுக் கணிதர் பிரௌவர் ஏற்க மறுத்து வேறு வழி வகுத்ததும், பழைய வழிக்குத் தனிப்பெயர் வேண்டியதாயிற்று. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். உன் துறையில் அந்தச் சிரிப்பைக் கேட்டால் நீயும் சேர்ந்துகொள்ளாதே. இரண்டு தரப்பையும் அவரவர் நூலிலேயே படித்துவிட்டு வா.

6. தூய்மை என்ற சொல் காதில் விழுந்தால் நின்று யோசி. கிரேக்கக் கலையின் செவ்வியல் காலம் என்று கி.மு. 480 முதல் 323 வரையிலான காலத்தைச் சொல்கிறார்கள். அதை ஐரோப்பாவின் கண்ணில் இலட்சியமாக நிறுத்தியவர்களில் முதன்மையானவர் வின்கெல்மன். அவருடைய பண்டைக் கலை வரலாறு 1764இல் வந்தது. அவர் கிரேக்க மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. ரோமில் இருந்த சிலைகளைப் பார்த்து எழுதினார். அவற்றில் பல, கிரேக்க மூலங்களை ரோமானியர் படியெடுத்தவை. வெண்பளிங்கின் அமைதியே செவ்வியல் என்ற எண்ணம் ஊறிப்போயிற்று. உண்மையில் அந்தச் சிலைகள் சிவப்பும் நீலமும் பொன்னும் பூசி நின்றவை. வண்ணக் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த உனக்கு அது வியப்பாக இராது. ஆனால் வெண்மை மோகம் எவ்வளவு தூரம் போயிற்று தெரியுமா? 1930களின் இறுதியில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தினான் சிற்பங்களை உலோகக் கருவிகளால் சுரண்டி வெளுப்பாக்கினார்கள். இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய மேற்பரப்பு போயிற்று. நம் மனத்தில் இருக்கும் செவ்வியலுக்கு ஏற்றபடி பொருளைச் சுரண்டும் ஆசை எழுத்திலும் வரும். பாட்டில் நமக்குப் பிடிக்காத கள்ளும் ஊனும் வரும் அடிகளை மேற்கோளில் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ விட்டுவிடாதே.

7. காலப்பெயரை அப்படியே நம்பிவிடாதே. நடு அமெரிக்காவின் மாயர் வரலாற்றில் கி.பி. 250 முதல் 900 வரை செவ்வியல் காலம். அதற்கு முந்தியது முன்செவ்வியல். பெயரைக் கேட்டால் முந்தியது ஏதோ தயாரிப்புக் காலம் போலத் தோன்றும். குவாட்டமாலாக் காட்டுக்குள் எல் மிராடோர் என்ற மாபெரும் நகரத்தைத் தோண்டிப் பார்த்தபோது அது அந்த முன்செவ்வியல் காலத்தது என்று தெரிந்தது. நம் நாட்டில் பாரதிய வித்யா பவன் வெளியிட்ட வரலாற்று வரிசையில் 'செவ்வியல் காலம்' என்ற தொகுதி கி.பி. 320இல், குப்தரோடு தொடங்குகிறது. அதற்குள் சங்கப் பாட்டில் பெரும்பகுதி பாடி முடிந்துவிட்டது.

8. பட்டம் சூட்டியபோது வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று கேட்க மறக்காதே. எனக்கு மிகவும் நெருக்கமான அறிவுரை இது. கோயிலிலும் அரண்மனையிலும் திருமண வீடுகளிலும் ஆடப்பட்ட சதிர், 1930களில் சென்னைச் சபா மேடைக்கு வந்து பரதநாட்டியம் என்ற பெயரில் நிலைபெற்றது. வழக்கறிஞர் இ.கிருஷ்ணய்யர் அதற்காக வாதாடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். அவர்கள் இல்லையென்றால் அந்தக் கலை எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நன்றி நமக்கு வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதை உடம்பில் சுமந்து வந்த குடும்பத்துப் பெண்களில் பெரும்பாலோர் அந்தப் புது மேடையில் இல்லை. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கொடுமைக்கு முடிவு கட்டியது. அந்தச் சூழலில் ஆட்டத்தையே விட்டு விலகிய பெண்கள் உண்டு. அதே மரபிலிருந்து வந்த பாலசரஸ்வதி விலகவில்லை. தம் வீட்டு இசையோடும் அபிநயத்தோடும் உலகம் முழுக்க ஆடினார். கலை செவ்வியல் ஆனதற்கு மகிழும்போதே, அதன் விலையைக் கொடுத்தவர்களையும் பெயர் சொல்லி எழுது. ஆய்வாளனுக்கு அறிவு மட்டும் போதாது, நெஞ்சும் வேண்டும்.

9. சொல்லைச் சிறிதாகப் பிடிக்கிறார்களா, பெரிதாகப் பிடிக்கிறார்களா என்று கவனி. இசைக்கடையில் பாக் 'கிளாசிக்கல்' வரிசையில் இருப்பார். இசை வரலாற்றாசிரியரைக் கேட்டால், 1750இல் மறைந்த பாக் பரோக் காலத்தவர், செவ்வியல் காலம் ஹைடன், மோட்சார்ட்டுடையது என்பார். இரண்டும் சரியே.

10. செம்மொழிப் பெருமையை நெஞ்சில் வை, தலைக்கு ஏற்றாதே. தமிழுக்கு இந்திய அரசு அந்தத் தகுதியை 2004இல் அறிவித்தது. பரிதிமாற் கலைஞர் நூறாண்டுக்கு முன்பே கேட்ட கோரிக்கை அது. முதலில் ஆயிரம் ஆண்டுப் பழமை போதும் என்றிருந்த விதியை அடுத்த ஆண்டே 1500 முதல் 2000 ஆண்டு என்று மாற்றினார்கள். 2005இல் சமஸ்கிருதம் சேர்ந்தது, பிறகு தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா. 2024இல் பாலி, பிராகிருதம் உள்ளிட்ட இன்னும் ஐந்து சேர்ந்து மொத்தம் பதினொன்று ஆயின. எண்ணிக்கை கூடக் கூட நமக்குக் குறைந்துவிட்டது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. பாலியிலும் பிராகிருதத்திலும் இருப்பதை அறியாமல் மணிமேகலையை எப்படிப் படிப்பாய்? உன்னால் முடிந்தால் அவற்றில் ஒன்றைக் கற்றுக்கொள். கற்றால் தமிழ் இன்னும் நெருங்கி வரும்.

11. கடைசியாக, கோட்பாடு பேசிக் களைத்தால் ஒரு பாட்டிடம் போய் உட்கார். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்கள் தொண்ணூற்றொன்பது என்று எண்ணிச் சொல்வார்கள். காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை என்று பட்டியல் நீள்கிறது. அதில் உனக்குத் தெரிந்த பூ எத்தனை என்று குறித்துப் பார். தெரியாததைத் தாவரவியல் துறையில் கேள். அவர்களும் கைவிரித்தால் மலையில் வாழ்கிறவர்களிடம் கேள். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். நீலகிரியிலும் மூணாற்றிலும் 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அதற்குள் உன் ஆய்வேட்டை முடித்துவிடுவாய். பூக்கும்போது எனக்கும் ஒரு சீட்டு எடு, சேர்ந்து போய்ப் பார்ப்போம்.