கடப்பாறை சொல்லும் கணக்கு: வீட்டிலேயே ஒரு நெம்புகோல் பாடம்

"நானே பள்ளிக்கூடம் போகலை, பிள்ளைக்கு அறிவியல் எப்படிச் சொல்லித் தர்றது?" இப்படித் தயங்கும் பெற்றோர் பலர். ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள சந்தவாசல் போன்ற ஊர்களில் நிலத்தில் கிடக்கும் கல்லைப் புரட்டக் கடப்பாறையைச் செருகி, பக்கத்தில் சின்னக் கல்லை முட்டுக் கொடுத்து நெம்புகிறார்கள். அப்படி நெம்பத் தெரிந்தவருக்கு நெம்புகோல் பாடம் ஏற்கெனவே தெரியும். அதைப் பிள்ளையின் கைக்கு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

முட்டுக் கல் இருக்கும் இடம் தாங்குபுள்ளி. புரள வேண்டிய கல் பளு. நாம் அழுத்துவது விசை. இந்தச் சொற்களை முதலிலேயே மனப்பாடம் செய்ய வைக்காதீங்க. கை செய்து பார்த்த பிறகு சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்.

செயல்பாடு 1: ஒரு விரலால் தூக்கு (5 முதல் 7 வயது)

தேவை: 30 செ.மீ. மர ஸ்கேல், கட்டைவிரல் தடிமனில் ஒரு குச்சித் துண்டு, நான்கு நோட்டுப் புத்தகங்கள்.

1. புத்தகங்களை அடுக்கி, அதன் ஓரத்துக்கு அடியில் ஸ்கேலின் ஒரு முனையைச் செருகுங்க.
2. குச்சியைப் புத்தகத்துக்குப் பக்கத்தில், ஸ்கேலுக்கு அடியில் வையுங்க. மறுமுனையைப் பிள்ளை ஒரு விரலால் அழுத்தட்டும். புத்தகம் சுலபமாக எழும்பும்.
3. இப்போது குச்சியைப் புத்தகத்தை விட்டுத் தள்ளி, விரல் பக்கமாக நகர்த்தி மறுபடி அழுத்தச் சொல்லுங்க. விரல் திணறும்.

"புத்தகம் கூடிப் போச்சா? அதே புத்தகம்தானே! அப்போ எது மாறிச்சு?" என்று கேளுங்க. பதிலை நீங்க சொல்ல வேண்டாம்; பிள்ளை குச்சியை நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடிக்கட்டும். அடுத்து, விரல் எவ்வளவு தூரம் இறங்கியது, புத்தகம் எவ்வளவு எழும்பியது என்று பார்க்கச் சொல்லுங்க. குச்சி புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்தபோது விரல் நிறைய இறங்கும், புத்தகம் கொஞ்சம்தான் எழும்பும். குறைந்த பலத்துக்கு விலை, கூடுதல் தூரம்.

செயல்பாடு 2: நாணயத் தராசு (8 முதல் 10 வயது)

பென்சில் உருளாதபடி மேசையில் ஒட்டி, ஸ்கேலின் 15-ஆம் செ.மீ. கோடு பென்சில் மேல் வரும்படி வையுங்க. ஒரே மாதிரியான நான்கு ஒரு ரூபாய் நாணயங்கள் போதும்.

ஒரு பக்கம் நடுவிலிருந்து 12 செ.மீ. தள்ளி ஒரு நாணயம். மறுபக்கம் 6 செ.மீ. தள்ளி இரண்டு நாணயம் ஒன்றன்மேல் ஒன்றாக. ஸ்கேல் சமமாகும். அசையாமல் நிற்க வேண்டும் என்பதில்லை. எந்தப் பக்கமும் உடனே சாயாமல் இருந்தால் போதும். மூன்று நாணயம் என்றால் எங்கே வைப்பது? முதலில் ஊகிக்கட்டும், பிறகு வைத்துப் பார்க்கட்டும். விடை 4 செ.மீ. 1×12, 2×6, 3×4 எல்லாமே 12. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் விளக்கிய விதியும் இதுதான்.

தாத்தா பாட்டியைக் கேளுங்க

மின் மோட்டார் வருவதற்கு முன் கிணற்று நீரை ஏற்றம் வைத்து இறைத்தார்கள். நீண்ட மரத்தின் ஒரு முனையில் சால். அந்த மரத்தின் மேலேயே ஆள் முன்னும் பின்னும் நடப்பார். சால் பக்கம் நடந்தால் சால் இறங்கும். எதிர்ப்பக்கம் நடந்தால் தண்ணீரோடு ஏறும். ஆளின் எடை மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது. ஏற்றத்தைப் பார்த்த பெரியவர் வீட்டில் இருந்தால், பிள்ளையோடு உட்கார்ந்து அவரைப் பேச விடுங்க. செல்போனில் பதிவு செய்து வைத்தால் அதுவே ஒரு பாடம்.

நடுவில் எது?

வீட்டுப் பொருள்களைப் பிள்ளையே வகை பிரிக்கட்டும். கடப்பாறையில் நடுவில் இருப்பது தாங்குபுள்ளி. பாக்குவெட்டியில் நடுவில் பாக்கு, அதாவது பளு. துடைப்பத்தில் மேல் கை தாங்குகிறது, கீழ்க் கை தள்ளுகிறது. ஆக நடுவில் விசை. துடைப்பம் பலத்தைக் கூட்டாது. கை கொஞ்சம் அசைந்தாலே நுனி நிறைய தூரம் போகும். நெம்புகோல் என்றாலே வேலை லேசாகும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இது நல்ல புதிர்.

கவனம்: உண்மையான கடப்பாறையைச் சிறுவர் கையில் தர வேண்டாம். பாக்குவெட்டியைப் பெரியவர்தான் இயக்கிக் காட்ட வேண்டும். ஸ்கேல் துள்ளக்கூடும், முகத்தை அருகில் கொண்டு போகக் கூடாது.

செல்போனில் என்ன செய்யலாம்?

தமிழ்நாடு அரசுப் பாடநூல்களில் உள்ள கியூஆர் கோடை 'தீக்‌ஷா' செயலியில் ஸ்கேன் செய்தால் பாடக் காணொலிகள் கிடைக்கும். பிள்ளை கையால் செய்து பார்த்த பிறகு காட்டுங்க. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் அண்ணன், அக்கா வீட்டில் இருந்தால், 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றத்தில் செய்த சோதனைகளைத் தம்பி, தங்கைக்குச் செய்து காட்டச் சொல்லலாம். பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 உதவி எண்ணை அழைக்கலாம்.

அடுத்த முறை நிலத்தில் கல்லைப் புரட்டும்போது பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்து, "முட்டுக் கல்லை எங்கே வைக்கட்டும், நீயே சொல்லு" என்று கேட்டுப் பாருங்க.