ஜோர்டானில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

தமிழ்நாட்டிலிருந்து ஜோர்டானுக்குப் போகிறவர்களில் பலர் எருசலேம் செல்லும் புனித நாட்டுப் பயணக் குழுவோடுதான் போகிறார்கள். எருசலேமின் பைத்துல் முகத்தஸ் ஜியாரத்துக்காக அம்மான் வழியாகச் செல்லும் முஸ்லிம் குழுக்களும் உண்டு. வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே, பெருநாள் விடுமுறையில் பெட்ராவைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். யாராக இருந்தாலும் கையில் கொடுக்கப்படும் பயணத் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்: காலையில் ஜெராஷ், மத்தியானம் நேபோ மலை, பொழுது சாயும்போது சாக்கடல், மறுநாள் பெட்ராவுக்கு ஓடிப்போய் அன்றிரவே திரும்புவது.

அதில் பாதியை வெட்டிவிடுங்கள் என்பேன். இடிந்த நகரத்தை நடந்துதான் பார்க்க முடியும். அதற்குக் காலும் வெளிச்சமும் வேண்டும். வழிபாட்டுத் தலத்தில் உட்கார வேண்டும். அதற்கு அவசரமில்லாத மனம் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால், நடக்கும்போது ஜெபத்துக்கு நேரமாகிறதே என்றும், ஜெபிக்கும்போது பஸ் கிளம்பிவிடுமே என்றும் தோன்றிக்கொண்டே இருக்கும். எனவே முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே: இந்தப் பயணம் கல்லுக்கா, பிரார்த்தனைக்கா? எந்த ஊருக்கு எத்தனை நாள் என்பது அதன் பிறகுதான்.

பெட்ராவா, ஜெராஷா?

கல்லுக்குத்தான் என்றால், பெரிய கேள்வி இது. இரண்டும் பழைய நகரங்கள் என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு.

ஜெராஷ், அம்மானிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். பெயர்பெற்ற ரோமானிய நகரம். அன்றைய பெயர் கெரசா. கி.பி. 129-130இல் பேரரசர் ஹாட்ரியன் வந்ததையொட்டி எழுப்பிய வளைவில் தொடங்கி, நீள்வட்ட முற்றம், தூண்கள் அணிவகுத்த நெடுஞ்சாலை, இரண்டு அரங்குகள், ஆர்ட்டெமிஸ் கோயில் என்று ஒரு நகரம் எப்படி இயங்கியது என்பதை வரிசையாகக் காட்டுகிறது. அந்த நெடுஞ்சாலையில் குனிந்து பாருங்கள். பாவுகற்களில் வண்டிச் சக்கரங்கள் உரசி உரசிப் பள்ளமாகிய தடங்கள் இருக்கின்றன. தெருவுக்கு அடியில் ஓடிய சாக்கடையின் கல் மூடிகளும் அங்கங்கே தெரியும். ஆர்ட்டெமிஸ் கோயில் தூண்கள் காற்றில் மிக மெல்ல அசைகின்றன. அடித்தள இடுக்கில் சாவியையோ கரண்டியையோ செருகி, அது ஏறி இறங்குவதைக் காவலர்கள் காட்டுவார்கள். 749ஆம் ஆண்டு நிலநடுக்கம் நகரத்தை வீழ்த்தியது. அதன் பிறகு மண் மூடிக் கிடந்ததால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், முட்டிவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும், வரலாற்றைக் கதையாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் ஜெராஷ்தான் பொருத்தம். ஆனால் ரோமிலோ துருக்கியிலோ ரோமானிய இடிபாடுகளைப் பார்த்திருந்தால், ஜெராஷைத் தயங்காமல் விட்டுவிடலாம். பெட்ராவை அப்படி விட முடியாது. அது வேறெங்கும் கிடைக்காது.

பெட்ரா நபாத்தியர்களின் தலைநகரம். அரேபியாவிலிருந்து சாம்பிராணியும் வாசனைப் பொருளும் ஏற்றிவந்த ஒட்டக வணிகத்தில் செழித்தது. கி.பி. 106இல் ரோமின் கைக்குப் போனது. 363இல் நிலநடுக்கத்தில் பெரும் சேதம் கண்டது. ஆனாலும் உடனே பாழாகிவிடவில்லை. 1993இல் அங்குள்ள பைசாந்தியத் தேவாலயத்தில் கருகிய பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. 6ஆம் நூற்றாண்டிலும் அங்கே சொத்து கைமாறிக்கொண்டும் கல்யாணம் நடந்துகொண்டும் இருந்ததை அவை சொல்கின்றன.

எல்லோரும் பெட்ராவில் தேடுவது கஸ்னே எனப்படும் அந்தச் செந்நிற முகப்பைத்தான். ஏறக்குறைய 40 மீட்டர் உயரம், ஒரே பாறையில் குடைந்தது. அதற்குப் போகும் வழியான சீக் என்னும் 1.2 கிலோமீட்டர் பாறைப் பிளவைப் பலர் வெறும் நடைபாதையாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பிளவுதான் பெட்ரா. இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்புயரத்தில் நீர் ஓடிய கால்வாய் வெட்டியிருக்கிறது. ஒரு பக்கத்தில் சுட்ட மண் குழாய்கள் பதித்த தடம் இன்னும் தெரிகிறது. பாலைவனத்தின் நடுவே ஒரு தலைநகரம் எப்படிப் பிழைத்தது என்பதற்கான விடை அந்தச் சுவரில் இருக்கிறது. பாதி தூரத்தில் ஒட்டகக்காரர் சிற்பம் ஒன்று. மேல்பகுதி தேய்ந்து போய்விட்டது. ஒட்டகத்தின் கால்களும், அதை நடத்திவந்தவரின் பாதங்களும், ஆடையின் கீழ் மடிப்பும் மட்டும் மிச்சம். வேகமாக நடந்தால் கண்ணில் படாது.

பெட்ராவுக்கு ஒரு நாள் போதாது. கஸ்னே மீது காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வெயில் விழும். மலை உச்சியிலிருக்கும் அத்-தெய்ர் முகப்பு மேற்கு பார்த்தது. அதற்கு மாலை வெளிச்சம் வேண்டும். அத்-தெய்ருக்கு 800க்கு மேற்பட்ட படிகள். நுழைவாயிலிலிருந்து அங்கே போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஓடிவிடும், அதுவும் கஸ்னேவிலிருந்து வாயிலுக்குத் திரும்பும் வழி ஏற்றம். முதல் நாள் சீக், கஸ்னே, பாறையில் குடைந்த அரங்கம், அரச கல்லறைகள். மறுநாள் காலையில் உள்ளே போய், மாலை வெளிச்சத்துக்கு அத்-தெய்ர். இதற்காக, பெட்ராவை ஒட்டிய ஊரான வாடி மூஸாவில் இரண்டு இரவு தங்குவது வீண் செலவாகாது. வாயில் காலை 6 மணிக்கே திறக்கும்.

வயதானவர்களைக் கஸ்னே வரை மின்சார வண்டியில் கூட்டிப்போகலாம், கட்டணம் தனி. படிகளில் கழுதை மேல் ஏற்றிவிடுகிறோம் என்று வருகிறவர்களிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். தேய்ந்து வழவழத்த படிகளில் பாரம் சுமந்து ஏறும் அந்த வாயில்லா ஜீவன்கள் படும் பாடு பார்க்கச் சகிக்காது; ஏறி உட்கார்ந்தவருக்கும் அது பாதுகாப்பில்லை. ஏற முடியாதவர்கள் அத்-தெய்ரை விட்டுவிட்டு, கொஞ்சம் வடக்கே உள்ள சின்ன பெட்ராவுக்குப் போகலாம். நடை குறைவு. உள்ளே ஓர் அறையின் கூரையில் திராட்சைக் கொடியும் பறவைகளும் தீட்டிய நபாத்திய ஓவியம் இன்னும் இருக்கிறது.

பிரார்த்தனைக்குப் போகிறவர்களுக்கு

கிறிஸ்தவர்கள் மாதபா, நேபோ மலை, யோர்தான் நதியோரத்து அல்-மக்தாஸ் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். தூரம் அதிகமில்லை. அன்றைக்கு வேறு எதையும் சேர்க்காமல் இருந்தால் போதும்.

மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் அல்-மக்தாஸ். இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாக யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் இது. அகன்ற நதியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் திகைப்பார்கள். நாணல் அடர்ந்த, மண்நிறத்தில் மெல்ல ஓடும் சிற்றாறு. சில மீட்டர் தள்ளி மறுகரை. அங்கேயும் வெள்ளை அங்கி உடுத்தியவர்கள் நீரில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். அது இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் உள்ள பக்கம். இஸ்ரேலுடன் 1994இல் செய்த சமாதான உடன்படிக்கை வரை இங்கே கண்ணிவெடி புதைந்த ராணுவப் பகுதி. நம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடுதான் அழைத்துப்போவார்கள். கடல் மட்டத்துக்கு மிகவும் கீழே இருப்பதால் கோடையில் நடு மதியம் அங்கே நிற்கவே முடியாது. ஆகவே நாளை அல்-மக்தாஸில் தொடங்குங்கள்.

நேபோ, மோசே வாக்குத்தத்த நாட்டைப் பார்த்த மலை. காட்சியை மட்டும் நம்பிப் போனால் ஏமாற வாய்ப்புண்டு, புழுதிப் படலம் பெரும்பாலும் எருசலேமை மறைத்துவிடும். மழை பெய்து ஓய்ந்த குளிர்கால நாள் என்றால் தெரியும். ஆனால் பிரான்சிஸ்கன் துறவியர் பராமரிக்கும் தேவாலயத்துக்குள் 6ஆம் நூற்றாண்டு மொசைக் தரை ஒன்று உண்டு: சிங்க வேட்டை, ஆடு மேய்ப்பவர், நெருப்புக்கோழியை நடத்திவரும் மனிதர். அது எந்தப் புழுதியிலும் மறையாது.

மாதபாவின் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் அதே நூற்றாண்டைச் சேர்ந்த தரை வரைபடம். புனித நாட்டைக் கிரேக்க ஊர்ப்பெயர்களோடு வண்ணக் கற்களில் பதித்திருக்கிறார்கள். நிதானமாகத் தேடினால் யோர்தானில் ஒரு மீன் அகப்படும். சாக்கடலின் உப்பு பொறுக்காமல் எதிர்நீச்சல் போட்டுத் திரும்புகிறது. சாக்கடல் படகுகளில் இருப்பவர்களின் முகங்கள் மட்டும் கலைக்கப்பட்டிருக்கும், உருவங்களுக்கு எதிர்ப்பு எழுந்த காலத்தின் வேலை அது. இன்றும் வழிபாடு நடக்கும் ஆலயம் என்பதால் ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள்.

முஸ்லிம்களுக்கு அம்மான் அருகிலேயே, குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயம் கூறும் குகைவாசிகளின் இடமாக மதிக்கப்படும் குகை இருக்கிறது. அரை நாள் போதும். ஆனால் ஒரு ஜியாரத்துக்குத்தான் நேரம் என்றால் நான் தெற்கே கரக் அருகிலுள்ள மஸாரைச் சொல்வேன். 629இல் முஃதா போரில் ஷஹீதான ஜஃபர் பின் அபூதாலிப், ஜைத் பின் ஹாரிஸா, அப்துல்லாஹ் பின் ரவாஹா ஆகிய ஸஹாபாக்கள் அடங்கிய இடம். பெட்ராவுக்குப் போகும் பழைய ராஜபாதையை ஒட்டியே இருப்பதால் தனிப் பயணம் தேவையில்லை.

இரண்டு மதத்தவருக்கும் பொதுவான ஒன்று, பெட்ராவுக்கு மேலே மலையுச்சியில் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கும் ஹாரூன் நபியின் அடக்கத்தலம், பைபிளில் ஆரோன். ஏறி இறங்க ஒரு நாள் ஆகும், உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். நல்ல தேகபலம் உள்ளவர்களுக்கு மட்டும்.

ஒரு நாள் மிச்சமிருந்தால்

வாடி ரம் பாலைவனத்துக்குப் போங்கள். மணலும் பாறையும் மட்டும் அல்ல, பாறைகளில் ஆயிரக்கணக்கான பழைய எழுத்துகளும் உருவங்களும் உள்ளன. கஸாலி பிளவில் அவற்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் மட்டும் அதை விட்டுவிட்டு, அம்மானுக்குக் கிழக்கே குஸைர் அம்ராவுக்குப் போகலாம். 8ஆம் நூற்றாண்டு உமையா இளவரசரின் குளியல் மாளிகை. வெந்நீர் அறையின் குவிமாடத்தில் ராசிமண்டலத்தோடு இரவு வானம் தீட்டியிருக்கிறது.

செலவும் சாலையும்

பெட்ராவுக்கு ஒரு நாள் கட்டணம் 50 தினார், இரண்டு நாளுக்கு 55. விசா 40 தினார். நாட்டுக்குள் நுழையும் முன்பே இணையத்தில் வாங்கும் ஜோர்டான் பாஸ் 70 தினாரில் தொடங்குகிறது, ஐந்து தினார் கூடக் கொடுத்தால் பெட்ரா இரண்டு நாள். குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசாக் கட்டணமும் அதில் அடங்கும். பெட்ராவும் ஜெராஷும் பார்க்கிறவர்களுக்கு அதுவே லாபம். மாதபா தேவாலயமும் நேபோவும் மட்டுமே நோக்கம் என்றால் வாங்க வேண்டாம். அங்கே சீட்டு தனி. விலைகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மானிலிருந்து பெட்ராவுக்குப் பாலைவன நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம். ராஜபாதையில் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆனால் மாதபா, முஜிப் பள்ளத்தாக்கு, கரக் கோட்டை எல்லாம் அந்த வழியில்தான். போகும்போது ராஜபாதை, திரும்பும்போது நெடுஞ்சாலை என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் முதல் மே, செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் பெட்ராவில் பனிகூடப் பெய்யும், நம் ஊர் ஸ்வெட்டர் தாங்காது. மழைக்காலத்தில் இன்னொரு கவனமும் வேண்டும்: எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே பள்ளத்தாக்கில் வெள்ளமாகப் பாயும். 1963இல் சீக்கில் பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் அப்படித்தான் இறந்தார்கள். 2018 நவம்பரிலும் பெட்ராவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால் படம் எடுத்து முடிக்கக்கூட நிற்காதீர்கள். இரண்டு இரவு தங்குகிறவருக்கு மறுநாள் இருக்கிறது.