ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கே!

வாரம் முழுக்க வேலையிலேயே ஓடிவிடுகிறது. ஞாயிறு மட்டும்தான் எனக்கென்று இருக்கும் நாள். படிக்க, பார்க்க, சமைக்க, சருமத்தைக் கவனிக்க இந்த வாரம் உங்களுக்குப் பிடித்தவற்றைச் சொல்லுங்களேன்? – வாசகி, திருச்சி

தாராளமாகச் சொல்கிறேன், தோழி.

படிக்க: அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சின்ன நாவல், காலையில் எடுத்தால் மாலைக்குள் முடித்துவிடலாம். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நடுவே நாயகி ஜமுனா தன் காலில் எழுந்து நிற்பது நமக்கும் தெம்பு தரும்.

பார்க்க: ‘மெய்யழகன்’ (2024). பெயர்கூட நினைவுக்கு வராத ஓர் உறவுக்காரர் காட்டும் அன்பில், பல வருடம் பேசாத சொந்தத்துக்கு உடனே போன் போடத் தோன்றும்.

சமைக்க: பிரண்டைத் துவையல். இளம் பிரண்டையாக வாங்குங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நீக்கி நாரை உரியுங்கள். நிறம் மாறும்வரை நல்லெண்ணெயில் நன்றாக வதக்குங்கள்; இதில் அவசரப்பட்டால் நாக்கு அரிக்கும். வறுத்த உளுந்து, மிளகாய் வற்றல், உப்புடன் புளியைக் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்து அரையுங்கள். சூடான சாதம், நல்லெண்ணெய்... வேறென்ன வேண்டும்!

சருமத்துக்கு: குளித்ததும் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். விலை முக்கியமில்லை, அந்த ஈரம்தான் முக்கியம். வெளியே கிளம்பினால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.

நான்கையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றில்லை. இந்த ஞாயிறு துவையலும் நாவலும் போதும். படம் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.