ஸ்கிரீன்ஷாட் சாட்சி சொல்லுமா?

கேள்வி: வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வரும் மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால், நீதிமன்றத்தில் செல்லுமா?

பதில்: செல்லும். ஆனால், வெறும் தாளில் அச்செடுத்து நீட்டினால் போதாது.

யாஹூ குழு ஒன்றில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியவருக்கு, சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரிலேயே தண்டனை விதித்தது. அவ்வழக்கில் நிபுணர்களோடு, பிரவுசிங் சென்டர் நடத்தியவரின் சாட்சியமும் கைகொடுத்தது. பதிவு மட்டுமல்ல, அதைப் போட்டது யார் என்பதும் நிரூபணமாக வேண்டும்.

மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதியளிக்கும் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. போனின் சொந்தக்காரரே கூண்டேறி, அந்த போனையே ஒப்படைத்தால் சான்றிதழ் தேவையில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, சான்றிதழில் கோப்பின் கைரேகை போன்ற 'ஹாஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த மதிப்பு மாறிவிடும். தில்லுமுல்லு வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஆகவே மிரட்டல் வந்தால் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். அனுப்பியவரின் எண், பதிவின் லிங்க், தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, போனை மாற்றாமல் உடனே சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள்.