வலி மாத்திரைக் கணக்கு: வீட்டிலேயே வைத்துக்கொள்ள சில குறிப்புகள்

மூட்டு வலி, முதுகுத்தண்டு வலி, நரம்பு வலி, புற்றுநோய் வலி என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறாரா, தோழிகளே? பால் கணக்கும் காஸ் கணக்கும் வைக்கிற நமக்கு மாத்திரைக் கணக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. காசும் மிச்சம், கடைசி நேர அலைச்சலும் மிச்சம். டாக்டர் "ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

1. புது அட்டையைத் தொடங்கும்போதே அழியாத மார்க்கர் பேனாவால் அதன் மேல் தேதியை எழுதிவிடுங்கள். பத்து மாத்திரை அட்டை, நாளைக்கு இரண்டு என்றால் ஐந்து நாளில் தீர வேண்டும். ஆறாம் நாளும் மூன்று மிச்சம் இருந்தால், வேளை தவறியதை அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

2. காலாவதி தேதி எந்த ஓரத்தில் அச்சாகியிருக்கிறதோ, அதற்கு எதிர் ஓரத்திலிருந்து மாத்திரையைப் பிரியுங்கள். கடைசி மாத்திரை வரைக்கும் தேதி தெரியும்.

3. வசதிக்காக அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து வைக்காதீர்கள். கண் மங்கிய பெரியவர்கள் உறையோடு சேர்த்து விழுங்கிவிடுவது உண்டு. அந்தக் கூரிய ஓரம் தொண்டையையும் உணவுக்குழாயையும் கிழித்துவிடும். வேளைக்கு வேளை பிரித்து வைக்க ஏழு நாள் மாத்திரை டப்பா மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது.

4. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் எண்ணவே வேண்டாம். "அப்பா, நீங்க எண்ணுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று அவர் கையிலேயே அட்டையைக் கொடுங்கள். வலியோடு இருக்கிறவருக்கு, தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்ற நினைப்பு இன்னொரு வலி.

5. மாத்திரை மிஞ்சினால் உடனே கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். தலைசுற்றல், வயிற்றெரிச்சல், மலச்சிக்கல், "பழகிப் போயிடுமோ" என்ற பயம், மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். காரணம் தெரிந்தால் டாக்டர் மருந்தையோ அளவையோ மாற்றிக் கொடுப்பார்.

6. கணக்குக்கு முன்பே தீர்ந்துவிட்டால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் வலி கூடியிருக்கும், அல்லது கொடுத்த அளவு போதாமல் இருக்கும். வேறு கடை, வேறு டாக்டர் என்று தேடி ஓடினால் வலிக்கும் வழி பிறக்காது, கணக்கும் குழம்பிவிடும்.

7. "வலி வந்தால் மட்டும்" என்று எழுதிக் கொடுத்த மாத்திரைகளில்தான் கணக்கு தப்பும். பால் பாக்கெட் குறிக்கிற மாதக் காலண்டர் கட்டத்திலேயே, போட்ட நேரத்தையும், பத்துக்கு எத்தனை வலி என்பதையும் எழுதிவிடுங்கள். 'மாலை 4, வலி 7' என்று இரண்டு எண் போதும். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை அப்படியே கிழித்துக் கொண்டு போகலாம்.

8. பாராசிட்டமாலை மட்டும் மாத்திரை எண்ணிக்கையில் பார்க்காமல் மில்லிகிராமில் கூட்டிப் பாருங்கள். மூட்டு வலிக்கான அசிக்ளோஃபெனாக் கலவை மாத்திரையில் பெரும்பாலும் 325 இருக்கும், டிரமடால் கலவையிலும் 325 இருக்கும். இரண்டிலும் நாளைக்கு இரண்டு போட்டாலே 1,300 ஆகிவிட்டது. இதற்கு மேல் காய்ச்சல் என்று 650 மாத்திரை மூன்று போட்டால் மொத்தம் 3,250. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000தான் உச்சம். ஒல்லியானவர்கள், வயதானவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. உங்கள் வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

9. கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், பழைய அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அட்டையில் இருக்கும் இரண்டு பெயர்களில் ஒன்று கம்பெனி வைத்த பெயர், மற்றொன்றுதான் மருந்து. பழையதும் புதியதும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது.

10. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் தனி டப்பாவில் போட்டு, 'புதன் மட்டும்' என்று பெரிதாக எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் எண்ணும்போது நாலைந்து வேளைக்கு மேல் குறைந்திருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

11. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., சி.ஆர்., இ.ஆர். என்று போட்ட மாத்திரைகள் மெதுவாகக் கரைவதற்காகச் செய்தவை. டாக்டர் சொல்லாமல் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுதும் வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும்.

12. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம். நோட்டில் 'விட்டது' என்று எழுதிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வழக்கமான அளவைத் தொடருங்கள்.

13. எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், சர்க்கரை டாக்டர் என்று மூன்று இடத்தில் காட்டுகிறவர்கள், எல்லா அட்டைகளையும் ஒரே மஞ்சப் பையில் போட்டு எல்லாரிடமும் கொண்டுபோங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை இரண்டு சீட்டிலும் இருந்தால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்கவே கூடாது.

14. டிரமடால் 2018 முதல் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதனால் கடையில் சீட்டு கேட்டால், பெயர் எழுதிக்கொண்டால் வருத்தப்பட வேண்டாம். பழைய சீட்டையும் தூக்கிப் போடாமல், தேதி வாரியாக ஒரு ஃபைலில் கோத்து வையுங்கள்.

15. புற்றுநோய் வலிக்குத் தரும் மார்ஃபின் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளும் வலி நிவாரண மையங்களும் இதை வைத்திருந்து கொடுக்கலாம். அங்கே மிச்ச மாத்திரையை எண்ணித்தான் அடுத்ததைக் கொடுப்பார்கள் என்பதால், அட்டையையும் நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். சாதாரண மார்ஃபின் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. நள்ளிரவில் எழுப்ப வேண்டாம் என்று படுக்கும்போது இரட்டை அளவு எழுதியிருப்பார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். கூடவே தரும் மலமிளக்கியையும் விடாமல் எண்ணுங்கள், ஏனென்றால் மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் வராமல் இருப்பது அபூர்வம்.

16. தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையை வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். ஒட்டிய நாளையும் நேரத்தையும் காலண்டரில் குறியுங்கள். அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, மையத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

17. அடுப்பு மேடை, குளியலறை அலமாரி, டிவி மேல், இந்த மூன்றும் மாத்திரைக்கு ஆகாத இடங்கள். மார்ஃபின், டிரமடால் மாதிரி மருந்துகளை பீரோவுக்குள் பூட்டி, சாவி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். அன்றைய வேளைக்கானதை மட்டும் வெளியே எடுத்தால் எண்ணுவதும் சுலபம்.

18. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். பொங்கல், தீபாவளி என்றால் இன்னும் முன்னதாகவே. ப்ரீகாபலின், கபாபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மையும் படபடப்பும் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம்.

19. செலவைக் குறைக்க மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை கேட்டுப் பாருங்கள். நடக்க முடியாதவர் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள்.

20. வளைகுடா நாட்டுக்குப் போகிற உறவினரிடம் டிரமடால் அட்டையைக் கொடுத்தனுப்பாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, முன் அனுமதி இல்லாமல் பையில் இருந்தால் கொண்டுபோகிறவருக்குத்தான் சிக்கல்.

21. நோயாளி காலமான வீடுகளில் மிச்ச மார்ஃபினை "பாவம், அவருக்கும் வலிதானே" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். ஒருவருக்கு அளவான மாத்திரை இன்னொருவரின் மூச்சை நிறுத்திவிடும். எண்ணி, நோட்டில் எழுதி, வாங்கிய மையத்திலேயே திருப்பிக் கொடுங்கள். துக்க வீட்டில் இதெல்லாம் நினைவில் நிற்காது. அக்கம்பக்கத்தில் இருக்கும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.