விட்டுவிட்டு அடிக்கும் எஞ்சின்: இளம் படகு மெக்கானிக்குக்கு ஒரு மடல்

வெளிப்பொருத்து எஞ்சின் பழுது பார்க்கும் தொழிலில் புதிதாக நுழைந்திருக்கும் இளைஞருக்கு,

அடியோடு நின்றுபோன எஞ்சினைப் பழுது பார்ப்பது அவ்வளவு கடினமன்று. பழுது அதற்குள்ளேயே இருக்கிறது, தேடுகிறவர் தேடி முடிக்கும்வரை இடம் மாறுவதும் இல்லை. கடலில் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு இழுவை குறைந்து, இருமி நின்று, சற்றுப் பொறுத்துக் கயிற்றை இழுத்தால் ஒன்றும் நடவாதது போல மீண்டும் ஓடத் தொடங்கும் எஞ்சினோ, கரைக்குக் கொண்டுவந்து மெக்கானிக்கின் முன் நிறுத்தப்படும்போது எந்தக் குறையையும் காட்டுவதில்லை. குமரிக் கரையிலும் பாக் நீரிணையின் இரு புறங்களிலும் பைபர் படகுகளின் பின்பலகையில் மாட்டப்பட்டு ஓடும் எஞ்சின்களில் இத்தகைய குறை தோன்றும்போது, எரிபொருள் தடைப்பட்டுத் தடைப்பட்டு வருவதுதான் முதலில் ஐயுற வேண்டிய காரணமாகும். இதில் இளம் மெக்கானிக் மனத்தில் இருத்த வேண்டிய கருத்து ஒன்றே: மறைந்து மறைந்து வரும் பழுதைப் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பிடிக்க முடியாது, அது தோன்றும் நிலைமையைத் தாமே உண்டாக்கி, தோன்றிய அந்தக் கணத்தில் எரிபொருள் பாதையின் எந்தப் பகுதியில் குறை நிற்கிறது என்று பார்த்தே பிடிக்க வேண்டும்.

அப்பாதையை முதலில் முழுமையாக அறிந்துகொள்வது நல்லது. தொட்டியின் அடிவரை இறங்கும் உறிஞ்சு குழாய், தொட்டி மூடியில் காற்று உள்ளே வருவதற்கான திருகுத் துளை, ரப்பர் ஹோஸ், அதன் நடுவில் கையால் அமுக்கும் பல்ப், எஞ்சினோடு இணையும் கனெக்டர், ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர் என்பது அதன் வரிசை. பல்புக்குள் இரண்டு ஒருவழி வால்வுகள் உள்ளன. எரிபொருளான எண்ணெயை முன்னோக்கி மட்டும் விடுவது அவற்றின் வேலை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பம்ப் என்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய டயாஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸில் உண்டாகும் அழுத்த ஏற்றத்தாழ்வே அந்தச் சவ்வைத் துடிக்க வைக்கிறது. 1950களில் அமெரிக்காவில் பெயர்பெற்ற பல எஞ்சின்களில் இந்தப் பம்ப் இல்லை. எஞ்சினிலிருந்து காற்றை ஒரு குழாய் வழியே தொட்டிக்குள் செலுத்தி, அந்த அழுத்தத்தால் பெட்ரோலை இன்னொரு குழாய் வழியே மேலே தள்ளினார்கள். இன்றைய அமைப்பில் தொட்டியிலிருந்து பம்ப் வரையுள்ள பாதை முழுவதும் உறிஞ்சும் பக்கமாகிவிட்டது என்பதே இரண்டுக்குமான முக்கிய வேறுபாடு. கண்ணுக்குத் தெரியாத பழுதுகளில் மிகுதியானவை அங்கேதான் குடியிருக்கின்றன.

ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் மீனவர் சொல்வதை முழுமையாகக் கேட்பது மெக்கானிக்கின் முதற்கடமை. கடலில் எஞ்சினோடு இருந்தவர் அவர். பழுதை நேரில் கண்டவரும் அவர் மட்டுமே. புறப்பட்டு எவ்வளவு நேரத்தில் நின்றது, அப்போது கேனில் எண்ணெய் எவ்வளவு இருந்தது, அலையில் ஏறி இறங்கும்போதா, திரும்பும்போதா, மெதுவாக ஓடும்போதும் நின்றதா, நின்ற பின் மூடியைத் திறந்தாரா, பல்பை அமுக்கினாரா என்று நிதானமாகக் கேட்டறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கேன் நிறைந்திருக்கையில் நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் தடுமாறுகிறது என்று ஒருவர் சொன்னால், உறிஞ்சு குழாயின் நடுப்பகுதியில் வெடிப்பு இருக்கலாம் என்பது கேட்ட அளவிலேயே புலப்படும். எண்ணெய் மட்டம் வெடிப்புக்கு மேலே இருக்கும்வரை எண்ணெயே உள்ளே போகும், மட்டம் அதற்குக் கீழே வந்ததும் காற்றுப் போகும். எஞ்சினைக் கழற்றி மேசைமேல் பரப்பி வைத்தாலும் இந்தப் பழுது கிடைக்காது.

எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் கேடானது. முழுத் திராட்டிலில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.4 லிட்டர் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். அதன்படி 40 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 16 லிட்டர், அதாவது விநாடிக்கு 4 மில்லிலிட்டருக்கும் மேல் கேட்கிறது. டிரம்மில் சும்மா சுழலும்போது அதில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும். பாதி அடைபட்ட ஹோஸும் அந்தச் சிறு பங்கைத் தடையின்றிக் கொடுத்துவிடும். ஆகவே சோதனை என்பது படகில், நீரில், ஆள் ஏறிய பாரத்தோடு, கடலில் குறை தோன்ற எடுத்துக்கொண்ட அதே அளவு நேரம் ஓட்டிப் பார்ப்பதாகும். நேரம் குறைந்தால் சோதனையும் குறைந்ததாகவே கொள்ள வேண்டும்.

ஓட்டத்தில் எஞ்சின் தளரத் தொடங்கியதும் உடன் வருபவர் பல்பைக் கையில் பிடித்து அமுக்கிப் பார்க்க வேண்டும். அதைவிட எளிய, செலவில்லாத, உண்மை சொல்லும் கருவி இத்தொழிலில் வேறில்லை. அமுக்கியவுடன் எஞ்சின் உயிர்பெற்று, விட்டவுடன் மீண்டும் தளர்ந்தால், கார்புரேட்டரில் பெரும்பாலும் குற்றமில்லை, எண்ணெய்தான் அதுவரை வந்து சேரவில்லை என்று பொருள். பம்ப் வலுவிழந்திருக்கலாம், அல்லது பம்புக்கு முன்னால் அடைப்போ காற்றுக் கசிவோ இருக்கலாம். பல்ப் தட்டையாக உள்வாங்கிக் கிடந்தால் அடைப்பு பல்புக்கும் தொட்டிக்கும் இடையில் இருக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்றே இருந்தால் காற்று உள்ளே புகுகிறது, அல்லது பல்பின் வால்வு கெட்டிருக்கிறது, அல்லது கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் எண்ணெய் வழிந்தோடுகிறது. பல்ப் இறுகியே இருந்து, அமுக்குவதால் எந்த மாற்றமும் நேரவில்லை என்றால், தடை அதற்கு அப்பால் இருக்கிறது, அல்லது குற்றம் எரிபொருளில் அன்றி மின்பொறியில் இருக்கிறது. பொறி அறுபடும்போது எஞ்சின் பெரும்பாலும் சுவிட்சை அணைத்தாற்போலச் சட்டென்று நிற்கும். எண்ணெய் குறையும்போது தளர்ந்து, தடுமாறி, சில விநாடிகள் போராடி நிற்கும். சூடேறியபின் பழுதாகும் இக்னிஷன் காயில் இந்த வேறுபாட்டை மங்கச் செய்யும் என்பதால் ஸ்பார்க்கையும் அதே கணத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

இதற்கு அடுத்த சோதனை, நன்றாக ஓடும் வேறொரு படகின் தொட்டியையும் ஹோஸையும் பல்போடு சேர்த்து இரவல் வாங்கி மாட்டி ஓட்டுவது. குறை நீங்கினால் எஞ்சினின் மூடியைக்கூடத் திறக்கத் தேவையில்லை. நீங்காவிட்டால் ஹோஸை வெட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பாதையை நடுவில் பிளந்து எந்தப் பாதியில் குறை என்று கேட்கும் இந்த முறை அரைமணி நேர வேலைதான். ஆனாலும் இதைச் செய்யாமல் கார்புரேட்டரைக் கழற்றுவதில் தொடங்குகிறவர்களே மிகுதி. மீனவரின் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உறிஞ்சும் பக்கத்துக் காற்றுக் கசிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் ஒழுகினால் ஈரம் தெரியும், வாடை வரும். ஆனால் உறிஞ்சும் குழாயில் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளழுத்தம் குறைவு என்பதால், வெடிப்பின் வழியே எண்ணெய் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகிறது. விரிசல் விட்ட குழலால் இளநீரை உறிஞ்சுபவருக்குக் காற்றே வாயில் வந்தாலும் குழலின் புறம் ஈரமாகாதிருப்பதைப் போன்றது இது. கனெக்டருக்குள் இருக்கும் சிறு ஓ-ரிங் தேய்ந்திருப்பதும், கிளாம்புக்குப் பதிலாகக் கம்பியை முறுக்கிக் கட்டியிருப்பதும், வெயிலில் காய்ந்த பல்பின் கழுத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்திருப்பதும் இதற்கான வழக்கமான காரணங்கள். எஞ்சின் நின்றிருக்கையில் பல்பை இறுக அமுக்கினால் அதற்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட பகுதியில் அழுத்தம் ஏறி, அதுவரை உலர்ந்திருந்த கசிவு ஈரமாகத் தெரியலாம். பல்புக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட பகுதியில் இந்த உத்தி செல்லாது. பம்புக்குச் சற்று முன்னால் ஒரு சாண் அளவுக்குக் கண்ணாடி போன்ற தெளிவான, எண்ணெய் தாங்கும் குழாயைத் தற்காலிகமாக இணைத்து ஓட்டினால் காற்றுக் குமிழிகள் ஓடுவது நேரடியாகக் கண்ணில் படும். அதே இடத்தில் ஒரு டீ இணைப்பின் மூலம் வெற்றிட மானியைப் பொருத்த முடிந்தால் அடைப்பையும் அளந்துவிடலாம்; முழு ஓட்டத்தில் பாதரச அளவில் 4 அங்குலத்தைத் தாண்டினால் தொட்டிப் பக்கத்தில் தடை இருப்பதாகப் பொதுவாகக் கொள்ளலாம். சில எஞ்சின்களுக்கு இந்த வரம்பு இன்னும் குறைவு என்பதால் அந்தந்த எஞ்சினின் கையேட்டைப் பார்ப்பது முறை.

அடைப்புகளில் மிக எளியது மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறப்பதோ, அந்தத் துளையில் உப்புப் படிவதோ ஆகும். எண்ணெய் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் வளர்ந்து, ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாமல் போகிறது, நின்ற பின் காற்று மெல்லப் புகுந்ததும் மறுபடி ஓடுகிறது. மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடுவது இதற்கான சான்று. தொட்டிக்குள் மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் துணுக்கோ, இணைப்பில் சுற்றிய டேப்பின் கிழிசலோ உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் நின்றதும் விழுந்துவிடுவதும் உண்டு. ஹோஸின் உட்தோல் பிரிந்து ஓட்டத்தில் மட்டும் மடிந்து வழியை அடைப்பது எல்லாவற்றிலும் வஞ்சகமானது. வெளியே ஹோஸ் புதிது போலவே இருக்கும், ஊதிப் பார்த்தாலும் காற்றுப் போகும், உறிஞ்சும்போதுதான் மூடிக்கொள்ளும்.

எண்ணெயையும் ஐயுற வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் 2022ஆம் ஆண்டில் 10 விழுக்காட்டை எட்டிய எத்தனால் கலப்பு, 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காடாயிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் நீரும் எத்தனாலும் ஒன்றாகிப் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும், உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. பழைய ரப்பர் பாகங்கள் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாதவை என்பதால் அவை வீங்கவும் இளகவும் கூடும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் தேங்கும் சில துளி நீர் அமைதியான கழிமுகத்தில் அசையாமல் கிடந்து, திறந்த கடலில் அலை தூக்கும்போது மட்டும் மேலெழும்பி மெயின் ஜெட்டை அடைந்து எஞ்சினை இரும வைக்கும்; கரையில் ஓட்டிப் பார்ப்பவருக்கு இது தென்படவே மாட்டாது. கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து ஒரு தெளிவான கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால் நீர் தனியாக அடியில் பிரிந்து நிற்கும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. அவை பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட வேண்டியவை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதால், அவசரப்பட்டு மாற்றினால் எண்ணெய் வராதது போலவே எஞ்சின் தடுமாறும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட்டாவிட்டால் அடுத்த நாள் கிளம்ப மறுக்கலாம். இரண்டு வழிகளையும் மாற்றும் அந்தச் சிறு காக்கின் வாஷர் தேய்ந்தால், காலியான பக்கத்திலிருந்து காற்று இழுபடுகிறது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

பம்பின் டயாஃப்ரத்தில் ஊசித் துளை விழுந்தால் எண்ணெய் கிராங்க் கேஸுக்குள் கசிந்து, பம்பை இயக்கும் அந்த ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்திருக்கும் என்பதை நினைவில் கொண்டால் பம்பைக் கண்டுபிடிப்பது எளிது. மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிக்கும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்களில், ஆவியைப் பிரிக்கும் சிறு தொட்டியும், உயரழுத்த மின்பம்பும், எளிதில் கண்ணில் படாத ஃபில்டரும் கூடுதலாகச் சேர்கின்றன. ஆயினும் தொட்டியிலிருந்து முதல் பம்ப் வரையுள்ள பாதைக்கு மேலே சொன்னவை எல்லாம் மாறாமல் பொருந்தும்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்றால், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் பல வகைகளில் உராய்வெண்ணெய் எரிபொருளோடு கலந்தே உள்ளே போகிறது. எரிபொருள் குறையும்போது மசகும் குறைந்து, கலவையும் மெலிந்து வெப்பம் ஏறுவதால், முழு வேகத்தில் சில நிமிடம் அப்படி ஓடினாலே பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடக்கூடும். ஒரு ஓ-ரிங்கின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை சிலிண்டர் வேலையாகிவிடும். பாக் நீரிணையில் 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் வகுத்த கடல் எல்லை கரைக்கு வெகு அருகில் இருப்பதால், எஞ்சின் நின்ற படகு நீரோட்டத்தில் எல்லைக்கு அப்பால் அடித்துச் செல்லப்பட்டால் அதிலுள்ளவர்கள் இழப்பது ஒரு நாள் மீனோடு முடிவதில்லை. சோதனையின்போது பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்பது என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது. கேனைக் கரையில் வைத்தே நிரப்ப வேண்டும், பீடி சிகரெட் அருகில் வரக் கூடாது.

வேலை முடிந்தபின், கழற்றிய பழைய பாகத்தை மீனவரின் கையில் கொடுத்து, அதில் எது எப்படிக் கெட்டிருந்தது என்று காட்டுவது நேர்மையான மெக்கானிக்கின் வழக்கம். காரணம் உறுதியாகக் கிடைக்காத நேரமும் வரும். அப்போது சரியாகிவிட்டது என்று சொல்லாமல், இன்னின்னவை சோதிக்கப்பட்டன, இது மட்டும் எஞ்சியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, பல்போடு கூடிய நல்ல ஹோஸ் ஒன்றையும் ஒரு சிறு கேனையும் மாற்றாகப் படகில் வைத்துக்கொள்ளுமாறும், மறுமுறை எஞ்சின் தளர்ந்தால் நிறுத்துவதற்கு முன்பே பல்பைத் தொட்டு அது இறுக்கமா, தட்டையா, தொளதொளப்பா என்று பார்த்து வந்து சொல்லுமாறும் அவரிடம் கேட்டு அனுப்ப வேண்டும்.